இரண்டு பேர் சேர்ந்தால் நடக்கும் பாடம்

பிரையண்ட் நகர், தூத்துக்குடி
6 பிப்ரவரி 2025

கிருபைக்கு,

இந்த அகால நேரத்தில் மெயில் அனுப்புவதற்கு மன்னித்துக்கொள். பகலில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆதிரா மடியில் ஏறிக் கீபோர்டைத் தட்டி, உன் பெயருக்குப் பிறகு ஒரு வரி முழுக்க 'க' போட்டுவிட்டாள். எட்டு மாதத்துக்குள் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. இப்போதுதான் உறங்கினாள்.

நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸப்பில் என் செய்திக்கு ஒரு டிக்தான் விழுகிறது. அதனால் மெயில். மெயிலைத் தடுக்க உனக்குத் தெரியாது என்று நம்புகிறேன்.

நேற்று சண்முகவடிவு மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டார்கள். "உன் கூட்டாளி மரக்காணத்துல ஏதோ இறால் குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியில சேந்துட்டாளாமே, உனக்குத் தெரியுமா?" என்றார்கள். துறைத் தலைவர் கேட்கிறார்கள், நான் தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. நம்ப முடியாமல் என்னைப் பார்த்தார்கள்.

பிறகு, புதிதாகச் சேர்ந்தவளிடம் சொல்வதுபோல விதியை எடுத்துச் சொன்னார்கள். பிஎச்.டி. கோர்ஸ்வொர்க்கில் ஆராய்ச்சி முறையியலும் ஆய்வு நெறிமுறையும் எல்லாருக்கும் பொது. மூன்றாவது பாடம் அவரவர் விருப்பம். ஆனால் இரண்டு பேராவது சேராத விருப்பப் பாடம் நடக்காது. மீன் மரபியலுக்கு நாலு பேர். உயிர்த் தகவலியலுக்கு என்னையும் சேர்த்து ஆறு பேர். முத்துச்சிப்பிச் சூழலியலுக்கு ஒரே ஒரு பெயர்; உன் பெயர். "அந்தப் பேப்பரை இந்த செமஸ்டர் தூக்கிர வேண்டியதுதான். இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் பேப்பர் மாத்திக்கிடலாம், அதுக்குப் பொறவு நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்கள். கடைசி வாக்கியத்தை எனக்காகச் சொன்னார்கள் என்று புரிந்தது. புரியாதவள்போல நின்றேன்.

நான் உயிர்த் தகவலியல் எடுத்ததற்குக் காரணம் உண்டு. கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். கைப்பிள்ளைக்காரிக்கு வேறென்ன வழி? உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நீயே யோசித்துப் பார். கேன்டீனில் நீ அந்தப் பால் கதையைச் சொன்னபோது மேசையே சிரித்தது. ஜூனியர் அனிஷ் எழுந்து நின்று, "யக்கா, சிப்பிக்கெல்லாம் பால் குடுத்து வளக்கியளாமே!" என்றான். நான் காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனேன். நீ பின்னால் வரவில்லை. மறுநாள்தான் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் நாள்.

சண்டை போட எழுதவில்லை. ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். பிஎச்.டி.யையே விட்டுவிட்டாயா?

பிரியா


மரக்காணம்
9 பிப்ரவரி, ஞாயிறு

ஏளா பிரியா,

மெயிலையும் தடுக்கலாம். எப்படி என்று பார்த்து வைத்திருந்தேன். செய்யவில்லை. அதற்காகச் சந்தோஷப்பட்டுக்கொள்ளாதே.

விட்டுவிட்டாயா என்று கேட்கிறாய். எதை விட? நடக்காத பாடத்தையா?

நம்மோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் போன ஜூலை செமஸ்டரிலேயே மூன்றாவது பாடத்தை எடுத்து முடித்தார்கள். "நீ எடுக்கலயா?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "பிரியா பிள்ளை பெத்திருக்கா, அவ வரட்டும், ரெண்டு பேருமாச் சேந்து எடுப்போம்" என்றேன். உனக்காக ஒரு செமஸ்டரை விட்டேன். நான் தியாகி ஒன்றும் இல்லை. இரண்டு பேர் வேண்டும், நீ ஒருத்திதான் வருவதாக இருந்தாய். ஆஸ்பத்திரிக்கு நான் பிள்ளையைப் பார்க்க வந்தபோது, தையல்கூடப் பிரிக்காமல் படுத்திருந்த நீதான் சொன்னாய்: "ஜனவரில சிப்பிப் பேப்பர், மறந்துராத." நான் மறக்கவில்லை. நீ வேறு பாடத்துக்குப் போனதை நோட்டீஸ் போர்டில், அனிஷ் பக்கத்தில் நிற்கும்போது பார்த்தேன்.

இனி பால். நீ எழுதியதைப் பார்த்தால் உன் பாலை நான் திருடி விற்றது மாதிரி இருக்கிறது. நடந்தது என்ன? சிப்பி லேப் ஃப்ரிட்ஜில் இரண்டு கண்ணாடி பாட்டில். ஒன்றில் ஆண் சிப்பியின் விந்து கலந்த கடல்நீர், நான் வைத்தது. இன்னொன்று நீ வைத்தது. இரண்டும் ஒரே அளவு, ஒரே வெள்ளை. உன்னுடையதில் தேதி மட்டும். பேர் எழுதாத பாட்டிலை லேப் ஃப்ரிட்ஜில் யாராவது வைப்பார்களா? முட்டைகளைத் தொட்டியில் எடுத்து வைத்து நேரமாகிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்ற வேண்டும் என்பது முதல் வருஷப் பிள்ளைக்கும் தெரியும். பார்க்கவில்லை. உன் பிள்ளையின் பாலைச் சிப்பி முட்டைத் தொட்டியில் ஊற்றினேன். காலையில் தொட்டி புளித்து நாறியது. ஒரு முட்டை மிஞ்சவில்லை.

லேப் உதவியாளர் எபனேசர் அண்ணன் தொட்டியைக் கழுவிக்கொண்டே ஆரம்பித்துவிட்டார்: "டாக்டரா ஆவப் போற பிள்ளைக்குப் பால் எது, வேற எதுன்னு தெரியல…" அது மத்தியானத்துக்குள் மாடி வரைக்கும் போய்விடும். நான் முந்திக்கொண்டேன். அந்தக் கதையில் மடச்சி நான்தான், நீ இல்லை. காபியை வைத்துவிட்டு ஓடாமல் கடைசி வரை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இங்கே எனக்குத் தாய் இறால் பிரிவு. தாய் இறாலின் ஒரு கண் காம்பை நசுக்கி விடுவோம். அப்படிச் செய்தால்தான் அது சீக்கிரம் சினை பிடிக்கும். சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் ஒற்றைக் கண்ணோடு தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி வரும். என் கை சுத்தமாக இருக்கிறதாம், மேனேஜர் புகழ்கிறார். மார்ச் முதல் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். அறை, சாப்பாடு எல்லாம் அவர்களே. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டிலிருந்தே செய்யலாம் என்று எழுதியிருக்கிறாய். நாலு வருஷமாக உன்னைத் தெரியும். அது நீ சொல்கிற காரணம் மாதிரி இல்லை.

கிருபை


தூத்துக்குடி
11 பிப்ரவரி

கிருபை,

நீ சொன்னது சரி. அது மேடத்திடம் சொல்வதற்காக நான் தயார் செய்த பதில். உனக்கும் அதையே எழுதிவிட்டேன்.

முதலில் பாட்டில். அதில் 'தாய்ப்பால்' என்று எழுதி, எபனேசர் அண்ணன் நூறு தடவை திறந்து மூடும் ஃப்ரிட்ஜில் வைக்க எனக்குக் கை வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். உயிரியல் படித்த பெண், பாலூட்டி என்ற சொல்லைப் பரீட்சையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! ஒரு பாட்டிலில் எழுத முடியவில்லை. அன்றைக்கு எனக்குச் சுரந்ததே அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்ப் பவுடர் பால் கரைத்துக் கொடுத்தேன். பிள்ளை அதைத் துப்பித் துப்பி அழுதாள். அந்த அழுகையோடுதான் மறுநாள் கேன்டீனுக்கு வந்தேன். நீ அவர்களைச் சிரிக்க வைத்தது உன்னைப் பார்த்துத்தான் என்று எனக்குப் புரியவில்லை.

உனக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. வீட்டார் தவிர யாருக்கும் தெரியாது.

பொங்கலுக்கு முந்தின வாரம், நெறிமுறைப் பாடத்து செமினாரில் இருந்தேன். போன் பையில், சைலண்டில். காலையில் ஆதிராவுக்கு லேசாக உடம்பு சுட்டது. மருந்து கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். பத்து மணிக்கு மேல் அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. அத்தை எனக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிறகு இவருக்கு. இவர் துறைமுகத்துக்குள், கன்டெய்னர் யார்டில், சத்தத்தில் கேட்கவில்லை. கடைசியில் அத்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செருப்பில்லாமல் தெருவில் ஓடி, போகிற ஆட்டோவை மறித்திருக்கிறார்கள். நான் போனை எடுத்துப் பார்த்தபோது எல்லாம் முடிந்து, பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தாள். "காய்ச்சல் வேகத்துல வர்றதுதான்மா, நிறைய பிள்ளைகளுக்கு வரும், மூளைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர். நானே அதைப் படித்திருக்கிறேன். படித்தது எதுவும் அந்த நேரம் உதவவில்லை. "என் கையில கெடந்து வெறச்சுப் போச்சுளா" என்று அத்தை சொன்னது மட்டும்தான் காதில் நிற்கிறது. அவர்கள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

எம்.எஸ்சி. முதல் வருஷம் நாம் திரேஸ்புரத்திலிருந்து வள்ளத்தில் பாருக்குப் போனோமே, சிப்பி கிடக்கும் அந்தக் கடலடிப் பாறையை முதன்முதலாகப் பார்க்க. கரை மறைய மறைய என் போனில் கோடு ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் டவரே இல்லாமல் போனது. "அப்பாடா, இனி யாரும் நம்மளக் கூப்பிட முடியாது!" என்று நீ கையை விரித்துக் கத்தினாய். நானும் கத்தினேன். இப்போது அந்த டவர் இல்லாததுதான் எனக்குப் பயம். லேபில் இருந்தால் போன் அடிக்கும், ஆட்டோ பிடித்து ஓடலாம். பாரில் இருந்தால் பிள்ளைக்கு என்ன ஆனாலும், நான் கரைக்கு வந்துதான் தெரிந்துகொள்வேன்.

அதனால்தான் மாறினேன். மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால், 'பிள்ளை பெத்தவளுக்கு எதுக்கு பிஎச்.டி.' என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், நினைத்துக்கொள்வார்கள்.

நேற்று உயிர்த் தகவலியல் வகுப்பில், யாரோ எங்கோ எடுத்த சிப்பி ஒன்றின் மரபணு வரிசையை இறக்கி, இன்னொன்றோடு ஒப்பிட்டோம். நல்ல பாடம், குறை சொல்லவில்லை. "சார், இந்தச் சிப்பி எந்தப் பார்ல கெடந்துச்சு? எவ்வளவு ஆழம்?" என்று கேட்டுவிட்டேன். "அதெல்லாம் டேட்டாபேஸ்ல இருக்காதும்மா" என்றார். ஆறு பேரில் ஐந்து பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்காக நீ ஒரு செமஸ்டர் காத்திருந்ததை நான் மறக்கவில்லை. அது நினைவில் இருப்பதால்தான் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

பிரியா


மரக்காணம்
16 பிப்ரவரி, ஞாயிறு

ஏளா,

இதை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் நாக்கு தேய்ந்தா போயிருக்கும்? பிள்ளைக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். நான் பொங்கல் முடிந்து வந்து, நீ மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிகிறாய் என்று நினைத்தேன். ஐந்து நாளாக உன் மெயிலைத் திறக்கிறேன், மூடுகிறேன். நேற்று ஒரு தாய் இறாலின் கண்ணை நசுக்கக் கையை விட்டுவிட்டு, அப்படியே நின்றிருக்கிறேன். மேனேஜர் "என்னம்மா, தூக்கமா?" என்றார்.

இன்று பூசைக்குப் போய்விட்டு வந்து ஒன்று யோசித்தேன். கேள்.

பாரில் டவர் கிடையாதுதான். ஆனால் புன்னைக்காயலில் என் அண்ணன் ஃபிராங்க்ளின் வள்ளத்தில் வயர்லெஸ் இருக்கிறது. வீட்டு மாடியில் கம்பி நட்டு, குசினியில் அதற்கு ஜோடியாக இன்னொரு செட். அம்மா மீன் அரிந்துகொண்டே அண்ணனோடு பேசுவாள். மதினிக்கு இரண்டாவது பிள்ளைக்கு வலி எடுத்தபோது அண்ணன் பாரில்தான் இருந்தான். அம்மா வீட்டிலிருந்து சொன்னாள், அவன் வலையை அடுத்த வள்ளத்துக்காரனிடம் விட்டுவிட்டுத் திரும்பினான். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு: கரையிலிருந்து பிள்ளைக்கு, பெண்டாட்டிக்கு என்று குரல் வந்தால், எவ்வளவு மீன் கிடந்தாலும் வள்ளம் திரும்பும். யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள்.

உன் அத்தையும் ஆதிராவும் எங்கள் வீட்டில் இருக்கட்டும். நீ அண்ணன் வள்ளத்தில் ஒரு தடவை போய் வா. மாதாமாதம் தண்ணீர் சாம்பிள் எடுக்க எபனேசர் அண்ணன் எப்படியும் யாராவது வள்ளத்தில் போகிறார், இந்தத் தடவை இதில் வரட்டும். போய்விட்டு வந்து முடியாது என்று சொன்னால், நான் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். அண்ணனிடம் சொல்லியாயிற்று.

ஒன்று மட்டும். அதில் ரகசியம் பேச முடியாது. எல்லா வள்ளத்துக்கும் ஒரே சேனல். நீ இருமினால் மணப்பாட்டுக்காரன் என்ன மாத்திரை என்று கேட்பான்.

நான் திரும்பி வருவேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

கிருபை


தூத்துக்குடி
18 பிப்ரவரி

கிருபை,

உன் மெயிலை இவரிடம் வாசித்துக் காட்டினேன். "கப்பல்காரன் அத்தனை பேரும் அப்படித்தான பேசுதான், நல்ல யோசனைதான்" என்றுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குத்தான் உறக்கமில்லை.

அத்தையிடம் பயந்து பயந்து கேட்டேன். "அவுக வீட்டுல மீன்கொழம்பு நல்லாயிருக்கும்லா? போவோம்" என்றார்கள். நான் கடலுக்குப் போவதைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. பிறகு பாத்திரம் கழுவும்போது, "அந்த மிஷினுல நான் பேசினா உனக்குக் கேக்குமா?" என்றார்கள். கேட்கும் என்றேன். "அப்ப சரி."

இப்போது என் கேள்விகள். செட்டில் பேட்டரி தீர்ந்தால்? நடுவில் காற்று ஏறினால்? உங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? உன் அம்மாவுக்குச் சிரமமில்லையா? நான் வாந்தி எடுத்தால் உன் அண்ணன் என்ன நினைப்பார்?

டாக்டரிடம் கேட்டேன், காய்ச்சல் இல்லாதபோது பயப்பட ஒன்றுமில்லை என்றார். இருந்தாலும் நீ பதில் போடு.

பிரியா


மரக்காணம்
20 பிப்ரவரி

பிரியா,

வரிசையாகச் சொல்கிறேன். செட் எஞ்சின் பேட்டரியில் ஓடுகிறது, தீராது. வாடைக் காற்று அடங்கிவிட்டது, கடல் இப்போது தட்டில் வைத்த பால் மாதிரி கிடக்கும். (மன்னிக்கவும். வேறு உவமை வரவில்லை.) ஆஸ்பத்திரி ஆத்தூரில், வாசலில் மாமா ஆட்டோ நிற்கும், சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவுக்குச் சிரமம் என்றால், உன் பிள்ளையை மாலையில் திருப்பிக் கொடுக்கத்தான் சிரமப்படுவாள். வாந்திக்கு அண்ணன் ஒன்றும் நினைக்கமாட்டான். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து எடு.

மாத்திரையை ஏறுவதற்கு முன்னால் போடு. பின்பக்கம் உட்காராதே, டீசல் புகை குமட்டும். சனிக்கிழமை போ. ஞாயிறு எங்கள் ஊரில் கடலுக்கு யாரும் இறங்கமாட்டார்கள்.

எனக்காகப் போகிறேன் என்று மட்டும் போகாதே. போய்விட்டு வந்து அதை என் தலையில் வைத்துக் கட்டுவாய். உனக்கு அந்தப் பார் வேண்டுமா, வேண்டாமா என்று பார்த்துக்கொண்டு வா.

இங்கே இருபத்தெட்டாம் தேதி சாயங்காலம் கையெழுத்து. பேனா கொடுத்துவிட்டார்கள், கம்பெனிப் பேர் போட்ட பேனா.

கிருபை


தூத்துக்குடி
24 பிப்ரவரி, திங்கள்

கிருபை,

சனிக்கிழமை போய் வந்தேன். உன் அண்ணன் போனில் பாதி சொல்லியிருப்பார். மீதியை நான் சொல்கிறேன்.

விடியும்போது உங்கள் வீட்டில் ஆதிராவை உன் அம்மா வாங்கிக்கொண்டார்கள். அவள் அழவே இல்லை. எனக்கு அதுவே ஒரு மாதிரி இருந்தது. வள்ளத்தில் நான், எபனேசர் அண்ணன், உன் அண்ணன், மூச்சடக்கி முங்குகிற இரண்டு பேர். மாத்திரை போட்டிருந்தேன். முன்பக்கம்தான் உட்கார்ந்தேன். ஆனாலும் எடுத்தேன். காற்றைப் பார்க்க மறந்துவிட்டேன். உன் அண்ணன் சட்டையை நான் துவைத்துத் தருகிறேன் என்று சொல், அவர் கேட்க மாட்டேன் என்கிறார்.

போனில் கோடு குறைந்து டவர் போனது. நான் போனைக் கையில் பிடித்தபடியே இருந்தேன். அப்போதுதான் செட் கரகரத்தது.

"ஹலோ! ஹலோ! பிரியா, நான் அத்தை பேசுதேன். கேக்குதா?"

"கேக்குது அத்தை."

"என்னது, ஒண்ணும் கேக்கலையே?"

உன் அண்ணன் வாங்கி, "பேசி முடிச்சா பட்டனை விடணும்மா" என்றார்.

"எந்தப் பட்டனு?" என்றார்கள் அத்தை. அதற்குள் வேறு யாரோ ஒரு வள்ளத்திலிருந்து, "பக்கவாட்டுல கறுப்பா இருக்கும் பாருங்க, அதான்" என்றான்.

"நீ யாருல?"

"மணப்பாட்டு வள்ளம், அத்தை."

"உனக்கும் நான் அத்தையா? சரி, இருந்துட்டுப் போ. பிரியா, பிள்ளை இட்லி ரெண்டு வாய் தின்னுட்டா. ஆய் போயிட்டா. ஒடம்பு சுடல. ஒனக்குப் பால் கட்டியிருக்கும், மாரைப் பிசைஞ்சு விட்டுக்கோ, நெஞ்சு நோவப் போவுது!"

கிருபை, அது பொதுச் சேனல். எத்தனை வள்ளங்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தனவோ. முங்குகிற இருவரும் அடிவானத்தைப் பார்த்தார்கள். எபனேசர் அண்ணன் சாம்பிள் பாட்டில்களை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டார். பிறகு மணப்பாட்டுக்காரன் ரொம்ப மரியாதையாக, "அத்தை, இட்லிக்கு என்ன தொட்டுக்க?" என்றான்.

"கரைக்கு வாலே, ஒனக்குத் தொட்டுக்கத் தாரேன்!"

எபனேசர் அண்ணனின் தோள் குலுங்கியது. ஆனால் வாய்விட்டு முதலில் சிரித்தது நான்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குமட்டல்கூட நின்றுபோனது.

பாருக்குப் போய் நங்கூரம் போட்டு முதல் ஆள் முங்கியதும் மறுபடி கரகரத்தது. இந்தத் தடவை அத்தையின் குரலில் அந்தத் தைரியம் இல்லை. "பிரியா, பிள்ளை ஒடம்பு லேசா வெதுவெதுன்னு இருக்கது மாதிரி இருக்குளா."

உன் அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குள் நங்கூரக் கயிற்றில் கை வைத்துவிட்டார். "திருப்பட்டா தங்கச்சி? நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

திருப்புங்கள் என்றுதான் வாயில் வந்தது. பட்டனை அழுத்தி வேறொன்று கேட்டேன். "அத்தை, பச்சை டப்பாவுல தெர்மாமீட்டர் இருக்கு. அக்குள்ல வச்சுப் பாத்துச் சொல்லுங்க." அத்தைக்கு எண் தெரியும். அன்றைக்குப் பிறகு நான்தான் பழக்கியிருந்தேன்.

காத்திருந்தோம். ஒரு வள்ளமும் பேசவில்லை. எல்லாரும் என் பிள்ளையின் காய்ச்சலுக்குக் காத்திருந்தார்கள். பிறகு உன் அம்மா குரல்: "பிள்ளையை நான் அடுப்பு பக்கத்துல வச்சிருந்தேன்மா. அந்தச் சூடுதான். தொண்ணூத்தெட்டு காட்டுது. இப்ப வாசல்ல காத்துல கெடக்கா, என் மூக்கைப் பிடிச்சுப் பிய்க்கா."

"திருப்பட்டா?" என்றார் உன் அண்ணன் மறுபடியும்.

"வேண்டாம் அண்ணே" என்றேன்.

அதைச் சொன்னவள் நான்தானா என்று இன்னும் நம்ப முடியவில்லை. பயம் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தது. ஆனால் கேட்க ஒரு வழி இருந்தது, பதில் சொல்ல ஆள் இருந்தது, திரும்ப ஒரு வள்ளம் இருந்தது. அவ்வளவு இருந்தால் எனக்குப் போதும் என்று அங்கே வைத்துத்தான் தெரிந்தது.

இதை உட்கார்ந்து வாசி. முங்கினவர் மேலே வந்து கையில் ஒரு கல்லை வைத்தார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அது முழுக்கச் சிப்பிக் குஞ்சு. சுண்டுவிரல் நகம் அளவு. நூல்விட்டுக் கல்லைப் பிடித்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. அடுத்த கல்லிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். எபனேசர் அண்ணன், நீ அவரைக் கிண்டல் செய்வாயே வாயே மூடாது என்று, அவரே பேச்சை விட்டுக் குஞ்சுகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். ஒரு வருஷம் வந்து அப்பிக்கொள்கிற குஞ்சுகள் மறு வருஷம் ஏன் காணாமல் போகின்றன என்பதுதானே உன் கேள்வி? இந்த வருஷம் வந்திருக்கின்றன. இருக்குமா, போகுமா, எப்போது, எதனால் என்று மாதாமாதம் பக்கத்தில் நின்று பார்க்க ஆள் வேண்டும். அது எந்த டேட்டாபேஸிலும் இல்லை.

இரண்டு கல்லை மட்டும் கடல்நீரோடு லேபுக்குக் கொண்டு வந்து தொட்டியில் வைத்திருக்கிறேன். மற்றவற்றை அந்த இடத்திலேயே இறக்கிவிட்டோம்.

இன்று காலை ஆபீசில் பாடத்தை மாற்றிக்கொடுத்தேன். மேடம் பார்த்துவிட்டு, "உயிர்த் தகவலியல்ல ஒன் இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவேன், தெரியும்லா?" என்றார்கள். தெரியும் என்றேன். "ரெண்டாவது ஆள் எங்க? அவ வராட்டா, ஒனக்கு இந்த செமஸ்டர் எந்தப் பேப்பரும் கெடையாது. ஆய்வு ரெவ்யூவும் தள்ளிப் போவும்." அதுவும் தெரியும் என்றேன். பதிவு ஏட்டில் உன் பெயரின் மேல் 'விலகல்' என்று பென்சிலில் எழுதியிருந்தார்கள். மையால் எழுதவில்லை. நான் கேட்டதற்கு, "வெள்ளிக்கிழமை வரைக்கும் பென்சில்தான்" என்றார்கள்.

ஆக, சிப்பிப் பாடத்தில் இப்போது தனியாக நிற்பது என் பெயர். ஒரு மாசமாக நீ நின்ற இடம். அங்கே நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. அதற்கு நான் மன்னிப்புக் கேட்டு ஒரு பக்கம் எழுதி அழித்துவிட்டேன். உனக்கு அது பிடிக்காது.

மரக்காணம் வேலை நல்ல வேலை என்றால் அதைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அங்கேயே இருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அதையும் எழுது. நான் வேறு என்ன செய்வது என்று பார்த்துக்கொள்வேன். ஆனால் தோன்றவில்லை என்றால், அந்தப் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வியாழக்கிழமை ராத்திரி பஸ் ஏறு. உன் அம்மா அயிலைக் குழம்பு வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அத்தையும் வருவதாகச் சொல்கிறார்கள். குழம்புக்கா, வயர்லெஸ்ஸுக்கா என்று தெரியவில்லை.

ஆபீஸ் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மூடுகிறார்கள். சீக்கிரம் பதில் எழுது.

பிரியா